தலைமையாசிரியையும் அவளே, மாணவியும் அவளே

பள்ளியில் நான்காம் படிவத்தில் சேர்ந்த ஏழாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதிரா தன் பெற்றோரைச் சோபாவில் உட்காரவைத்தாள். மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, இருபத்து மூன்று ஸ்லைடுகள் கொண்ட விளக்கவுரை ஒன்றை நிகழ்த்தினாள். இனிப் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை, வீட்டிலேயே தானாகப் படித்து, தனித் தேர்வராக ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற வெளிநாட்டுத் தேர்வை எழுதி, அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்பதுதான் அதன் சாரம். அப்போது அவளுக்கு வயது பதினாறு. முதல் ஸ்லைடில் தங்க நிற எழுத்தில் 'என் கல்வி, என் பொருப்பு' என்று போட்டிருந்தாள்.

அப்பா புவனேஸ்வரன் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். இருபத்து மூன்றையும் கடைசிவரை பார்த்துவிட்டு, "முதல் ஸ்லைடுக்குப் போ" என்றார்.

போனாள்.

"பொருப்புன்னா என்னா?"

"ரெஸ்பான்சிபிலிட்டி, ப்பா."

"அதுக்குப் பெரிய 'று' வரும். நீ போட்டிருக்கறது சின்ன 'ரு'. சின்ன 'ரு' போட்டா மலைன்னு அர்த்தம். உன் கல்வி, உன் மலை." கொஞ்சம் யோசித்தார். "தப்பாவும் தெரியல லா."

ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் அதிரா. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்ல வந்த இடத்தில் எழுத்துப்பிழையோடு வந்து நின்றது அவளுக்கே கொஞ்சம் உறைத்தது. ஆனால் அதை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

அம்மா பிரமிளா ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து கவுண்டரில் வேலை செய்பவள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "அப்ப பகல்ல வீட்லதான் இருப்பியா?"

"ஆமாம்மா."

"மழை வந்தா துணிய எடுத்துரு."

ஸ்லைடுகளில் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. கோவிட் காலத்தில் இரண்டாம் படிவமும் மூன்றாம் படிவமும் பெரும்பாலும் வீட்டிலேயே கழிந்தன. தேர்வுகளும் வீட்டிலேயே நடந்தன. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கிறாளா என்று யாரும் வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. அதிராவுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ. இரண்டு வருடம் தொடர்ந்து ஏ வாங்கினால் பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது மறந்துபோகும். தன் தலைதான் திறந்திருந்தது என்று தோன்றிவிடும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றிவிட்டது. பள்ளி மறுபடி திறந்து, மேசையில் பேனாவும் தாளும் மட்டும் இருந்த முதல் கணிதச் சோதனையில் முப்பத்தெட்டு வாங்கினாள். இதிலிருந்து வேறு யாராக இருந்தாலும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அதிரா வந்த முடிவு, பள்ளிக்கூடம் தனக்குச் சரிப்படவில்லை என்பது.

ஒன்றை மட்டும் அவளுக்காகச் சொல்லத்தான் வேண்டும். ஊரடங்கில் ஒரு வாரம் முழுக்க, பினாங்கு மலை ரயில் எப்படி அந்தச் செங்குத்தில் ஏறுகிறது, ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும் ஒரே கம்பியில் எப்படி ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்று அவளாகவே தேடித் தேடிப் படித்தாள். யாரும் சொல்லவில்லை, எந்தத் தேர்விலும் வராது. அந்த வாரம் சாப்பாடு ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதை நம்பித்தான் மற்றப் பொய்களையெல்லாம் அதன்மேல் அடுக்கினாள்.

அப்பா மூன்று வாரம் முடியாது என்றார். நான்காவது வாரம், தினமும் காலையில் மகள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வதைப் பார்த்துச் சலித்து, பள்ளியை விடுவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார். "ஆனா மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஆடிட்" என்றார். சிரிக்கவில்லை.

விடுதலை பெற்ற கையோடு அதிரா செய்த முதல் வேலை கால அட்டவணை. ஐந்து மணிக்கு எழுதல், ஐந்தரைக்குத் தியானம், ஆறு மணிக்கு இயற்பியல் என்று இரவு ஒன்பது வரை எட்டு நிறத்தில் கட்டம் போட்டாள். அதைத் தயாரிக்கப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தாள்; அட்டவணை இன்னும் அமலுக்கு வரவில்லை அல்லவா. அமலுக்கு வந்த முதல் நாள் ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குத் தியானத்தில் உட்கார்ந்து, எட்டேகாலுக்குக் கழுத்து வலியோடு விழித்தாள்.

அடுத்ததாக, எப்படிப் படிப்பது என்பதைப் படித்தாள். இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். குறிப்பை மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும் என்று இன்னொருவர். கைப்பேசியில் இப்படி நாற்பத்தொரு வீடியோ பார்த்தாள். இவற்றில் அந்த ஐந்து நிமிட ஓய்வை மட்டும் உடனே கடைப்பிடிக்க முடிந்தது.

கிரீன் லேன் பக்கம் ஓர் அடுக்குமாடியில் பதினொன்றாம் மாடியில் அவர்கள் வீடு. பகலில் கீழே இறங்கினால் லிஃப்டில் ஒன்பதாம் மாடிப் பத்மாவதி ஆண்டி ஏறுவார். ஓய்வு பெற்ற குமாஸ்தா. எதையும் மறக்காதவர்.

"ஸ்கூல் இல்லையா மா?"

"லீவு, ஆண்டி."

அடுத்த வாரம் காய்ச்சல் என்றாள். அதற்கடுத்து டெங்கி என்றாள். ஒரு மாதம் கழித்து மறுபடி வாய் தவறி டெங்கி என்று சொல்லிவிட்டாள்.

"போன மாசமும் டெங்கின்னுதானே சொன்ன?"

"இது வேற கொசு, ஆண்டி."

அதற்குப் பிறகு லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தாள். பதினொரு மாடி இறங்கி, பதினொரு மாடி ஏறினாள். அந்த மூன்று மாதத்தில் அவளிடம் உண்மையாகவே வளர்ந்தது கெண்டைக்கால் தசை மட்டும்தான்.

மாதக் கடைசி ஞாயிறும் வந்தது. அதிரா தன் நோட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். தலைப்பெல்லாம் வளைந்து நெளிந்த எழுத்து, ஓரமெல்லாம் பூ. உயிரணுவின் படம் ஒன்று வரைந்திருந்தாள், கல்யாண அழைப்பிதழில் போடலாம், அவ்வளவு அழகு. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"இது என்னா?"

"டிஃப்யூஷன், ப்பா." உடனே படிக்க ஆரம்பித்தாள்.

"படிக்கச் சொல்லல. மூடிட்டுச் சொல்லு."

மூடினாள். சமையலறையில் குக்கர் இரண்டு முறை விசிலடித்தது.

அப்பா வேறொரு பக்கத்தைத் திறந்தார். பிறகு வேறொன்று. மொத்தம் ஐந்து. தொழிற்சாலையிலும் ஒரு லாட்டுக்கு, அதாவது பெட்டிக்கு, ஐந்துதான் எடுத்துப் பார்ப்பார்களாம். நோட்டுகளை அடுக்கி அவள் பக்கம் தள்ளிவிட்டு, "லாட் ரிஜெக்ட்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதத்துக்குள் இன்னும் நல்ல பேனாக்கள் வாங்கினாள்.

சௌராஸ்டா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தரையிலிருந்து கூரைவரை புத்தகம். நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் போக முடியும். சுயமாகக் கற்பவர்கள் புதுப் புத்தகம் வாங்குவதில்லை என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்ததால் அதிரா பேருந்து ஏறி அங்கே போனாள். கடைக்காரர் சீனி முகம்மது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐ.ஜி. பிசிக்ஸ் இருக்கா, அங்கிள்?"

"எந்த வருஷத்து சிலபஸ் மா?"

அதிராவுக்கு அப்படி ஒன்று இருக்கும் என்றே தெரியாது. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும். "எதுவா இருந்தாலும் பரவால்ல. நியூட்டன் மாறிடவா போறாரு?" என்றாள்.

சீனி முகம்மது அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நியூட்டன் மாற மாட்டாரு. பரீட்சை பேப்பர் மாறும். சொல்லிட்டேன், அப்பறம் திருப்பிக் கொண்டாராத" என்று சொல்லி, அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவிக் கொடுத்தார். உள்ளே பழைய உரிமையாளர் ஒருவர் பென்சிலால் விடையெல்லாம் எழுதி வைத்திருந்தார். இலவசமாக ஓர் ஆசிரியரும் கிடைத்ததாக அதிரா பூரித்துப்போனாள். நான்கு மாதம் அந்தப் பென்சில் ஆசாமியை நம்பிப் படித்தாள்.

அந்த வருடம் முடிந்து ஜனவரியில், தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் தைரியம் வந்தது. இணையத்திலிருந்து இயற்பியலுக்குப் புதிய மாதிரி வினாத்தாளை எடுத்து, நேரம் வைத்து எழுதினாள். நடுவில் கோள்கள் சூரியனைச் சுற்றும் வேகத்தைக் கணக்கிடச் சொல்லி ஒரு கேள்வி. அவளுடைய புத்தகத்தில் நட்சத்திரமும் இல்லை, கோளும் இல்லை. வேறு ஏதோ பாடத்தின் கேள்வி தவறிப்போய் இதில் அச்சாகிவிட்டது என்று முடிவு செய்து, ஓரத்தில் 'அச்சுப்பிழை' என்று குறித்துவிட்டு மேலே போனாள். பிறகு அவளே திருத்தினாள். பாதி விடை சரியாக இருந்த இடத்தில் முழு மதிப்பெண் போட்டாள். முயற்சி தெரிந்த இடத்தில் முயற்சிக்குப் போட்டாள். அறுபத்திரண்டு.

அதை அம்மாவிடம் காட்டினாள். பிரமிளாவுக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் டாக்டர் எழுதியதும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்ப்பது அவளுடைய பதினெட்டு வருடத் தொழில். விடைக் குறிப்பை இடது பக்கம் வைத்தாள், மகளின் தாளை வலது பக்கம் வைத்தாள். விரலால் வரி வரியாகக் கீழே வந்தாள்.

"இதுல இப்படி இருக்கு. நீ அப்படி எழுதியிருக்க. இது ஒண்ணுதானா?"

"இல்லம்மா."

"இது?"

"அதுவும் இல்ல."

முடிவில் இருபத்தொன்பது வந்தது. பழைய புத்தகத்தின் அட்டைக்குப் பின்னால் போட்டிருந்த வருடத்தை அன்றுதான் அதிரா முதன்முறையாகப் பார்த்தாள். அந்தப் புத்தகம் அச்சானபோது அவளுக்கு வயது இரண்டு. பென்சில் விடைகளையும் இணையத்தில் தேடி ஒத்துப் பார்த்தாள். பாவம், அந்த ஆளும் தேறியிருக்க வழியில்லை.

அடுத்த நாள் அதிரா, தான் திரும்பப் பள்ளிக்கே போவதாகச் சொன்னாள். பிரமிளா அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போனாள். அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினார். மார்ச்சில் புதிய ஆண்டு தொடங்கும்போது சேரலாம், ஆனால் நான்காம் படிவத்திலிருந்து, ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு. நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார். அதில் பள்ளியை விட்டதற்கான காரணம் என்று ஒரு கட்டம். அதிரா வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று ஸ்லைடு போட்டவளுக்கு இரண்டு வரி வரவில்லை. கடைசியில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி, அதையும் அடித்தாள்.

பாரம் அப்படியே கிடக்க, தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் ஷர்மினி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஷர்மினியும் அதிராவும் மூன்று வருடம் ஒரே வகுப்பு. பள்ளியை விடும்போது, ஷர்மினி போன்றவர்கள் இன்னும் கூண்டுக்குள் இருக்கிறார்கள் என்கிற தொனியில் ஒரு நீண்ட குரல் செய்தி அனுப்பியிருந்தாள் அதிரா. அதை நினைத்து, கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பார்த்தாள். ஷர்மினி கூப்பிட்டுவிட்டாள்.

"எப்படிப் போகுது உன் ஹோம் ஸ்கூல்?"

சாதாரண நாளாக இருந்தால் சூப்பர் என்று சொல்லியிருப்பாள். வெயிலும் உறுமிச் சத்தமும் சேர்ந்து, பொய் சொல்லத் தெம்பில்லை. "பிசிக்ஸ்ல இருபத்தொம்போது. நானே போட்டப்ப அறுபத்திரண்டு."

ஷர்மினி மோர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு முப்பத்தியொண்ணு. எங்க பிசிக்ஸ் டீச்சர் மாத்தலாகிப் போய்ட்டாங்க, மூணு மாசமா ஆள் இல்ல. நானும் வீட்டுக்குப் போய் வீடியோ பாத்துத்தான் படிக்கறேன். ஒரே வித்தியாசம், நான் அதுக்கு முன்னாடி ஏழு மணி நேரம் யூனிஃபார்ம் போட்டுட்டு உக்காந்துட்டு வரணும்."

அதிரா இரண்டு டம்ளர் மோர் குடித்தாள். தன்னந்தனியாகப் படிப்பது என்னவோ தான் கண்டுபிடித்த புரட்சி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அதை ஸ்லைடு போடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். பாரத்தை அவள் கொடுக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று அவளே பின்னாளில் சொல்லிக்கொண்டதில்லை. நாலாம் படிவத்துச் சின்னப் பெண்கள் தன்னை அக்கா என்று கூப்பிடுவதைக் காதால் கேட்க முடியாது என்பதுதான் உண்மைக் காரணம்.

ஆனால் அந்த வாரம் எட்டு நிற அட்டவணையைக் கிழித்தாள். எட்டுப் பாடத்தை ஐந்தாகக் குறைத்தாள். ஆங்கிலம், கணிதம், மூன்று அறிவியல். ஒரு சாதாரண நோட்டில், பூ எதுவும் போடாமல், தனக்குத் தெரியாதவற்றை மட்டும் எழுதத் தொடங்கினாள். மூன்றாம் நாளே நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது.

மாலையில் பிரமிளா கிளினிக்கிலிருந்து வந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "இன்னிக்கு என்னா படிச்ச, எனக்குச் சொல்லு" என்றாள். "எனக்குப் புரிஞ்சா உனக்கும் புரிஞ்சிருக்குன்னு வச்சிக்கலாம்."

இதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது என்று அதிரா நினைத்தாள். அன்று படித்தது குறை எண்கள். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் வரும் என்றாள்.

"ஏன்?"

"அது ரூல், மா."

"யாரு போட்ட ரூலு?"

"யாரோ போட்டாங்க."

"டாக்டரு எழுதினதையே ஏன்னு கேட்டுட்டுத்தான் நான் மருந்து குடுக்கறேன். யாரோ போட்டாங்கன்னா எப்படி ஒத்துக்கறது?"

அதிரா அறைக்குப் போய்த் தேடினாள். எல்லா இடத்திலும் ரூல் என்றுதான் போட்டிருந்தது, அல்லது அவளுக்கே புரியாத நிரூபணம் இருந்தது. மூன்று நாள் அதிலேயே கிடந்தாள். பிறகு அம்மாவின் கவுண்டர் நினைவுக்கு வந்தது.

"இங்க பாரும்மா. ஒரு மருந்து தினமும் அஞ்சு பெட்டி குறையுது. குறையறது, அதனால மைனஸ் அஞ்சு. நாளைக்கு, நாளன்னிக்குன்னு முன்னால போறது பிளஸ். பின்னால போறது மைனஸ். மூணு நாளைக்கு முன்னாடி ஸ்டாக்கு எப்படி இருந்திருக்கும்?"

"இன்னிக்கு இருக்கறத விட பதினஞ்சு கூட இருந்திருக்கும்."

"மைனஸ் அஞ்சு, மைனஸ் மூணு. பிளஸ் பதினஞ்சு."

பிரமிளா கத்தியைக் கீழே வைத்தாள். "இதத்தான் நான் தினமும் பண்ணிட்டிருக்கேனா?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை வகுப்பு நடந்தது. யார் ஆசிரியர், யார் மாணவி என்று சொல்வது கடினம். அதிரா விளக்குவாள், அம்மா நான்காவது வாக்கியத்தில் 'ஏன்' என்று ஒரு போடு போடுவாள், அதிரா தன் அறியாமை நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். முதல் மாதம் அவள் ஒரு பாடத்தையும் கடைசிவரை சொல்லி முடிக்கவில்லை. தலைமையாசிரியையாக இருந்திருந்தால் தன்னைப் போன்ற ஆசிரியையை வேலையை விட்டு நீக்கியிருப்பேன் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஆனால் மே மாத ஆடிட்டில் ஐந்து பக்கம் திறந்து, ஐந்துக்கு மூன்று வாங்கினாள்.

ஒரு ஞாயிறு மதியம், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பிரமிளா சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள்: "நான் எஸ்.பி.எம். மேட்ஸ்ல எஃப் நைன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது, கணவர் உட்பட. நிபோங் திபாலில் இருந்தபோது, தொண்ணூற்று ஐந்தில், பள்ளி முடிக்கும்போது எழுதிய அரசுத் தேர்வு. மற்றப் பாடமெல்லாம் பாஸ். கணிதம் மட்டும் போய்விட்டது. அதோடு நர்சிங் படிக்கும் ஆசையும் போய்விட்டது.

"இப்பவும் எழுதலாமாமே, தனியா. கிளினிக்ல ஒருத்தி சொன்னா. ஒரு பாடம் மட்டும்." துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் பேரையும் போட முடியுமா, பாரு."

அதிராதான் பதிந்தாள். ஆண்டு என்ற இடத்தில் அம்மாவின் பிறந்த வருடத்தைத் தேடி வெகுதூரம் கீழே உருட்ட வேண்டியிருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்ப இனிமே ரெண்டு லாட் ஆடிட் பண்ணணும்" என்றார். அன்று முதல்முறையாக அவருடைய வாய் சிரிப்பில் ஒரு பக்கம் கோணியது.

அதிராவின் தேர்வு அக்டோபரில் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்து ஒரு வரிசையில் உட்கார்ந்தாள். முதல் தாள் ஆங்கிலம். இரண்டு மணி நேரம் கையால் எழுதிப் பழக்கமே இல்லாததால் முக்கால் மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. கூடுதல் தாள் தேவைப்பட்டதும், வீட்டில் எழுந்து போய் எடுப்பதுபோல் எழுந்து மேற்பார்வையாளரின் மேசைக்கே நடந்து போனாள். மண்டபமே நிமிர்ந்து பார்த்தது. "உட்கார்ந்து கையைத் தூக்கணும்" என்று அவர் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த அந்தக் கலை, தன் கல்விக்குத் தானே தலைமையேற்றவளுக்கு மறந்துபோயிருந்தது.

முடிவு ஜனவரியில் வந்தது. ஆங்கிலம் ஏ. இயற்பியலும் கணிதமும் பி. வேதியியலும் உயிரியலும் சி. பத்தொன்பதாம் ஸ்லைடில் எட்டுப் பாடத்திலும் ஏ ஸ்டார் என்று அவள் வாக்களித்திருந்ததை அப்பா நினைவு வைத்திருந்தார். ஆனால் சொல்லவில்லை. அந்தக் கணித பி-யைத் தன் கைப்பேசியில் படமெடுத்து, தொழிற்சாலை நண்பர்களுக்கு அனுப்பியது பின்னால்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் பிரமிளாவின் முறை. நல்ல நீல நிறத்தில் சுடிதார் போட்டு, வெளிப்படையான பிளாஸ்டிக் பையில் இரண்டு பேனாவும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் வந்து சொன்னாள்: "நான் உள்ள நுழைஞ்சதும் நாலு பொண்ணுங்க எந்திரிச்சி 'செலாமாட் பாகி, சிக்கு'ன்னு மலாய்ல வணக்கம் சொல்லிச்சுங்க. டீச்சர்னு நெனச்சிக்கிச்சுங்க. நானும் செலாமாட் பாகின்னுட்டு, அவங்க பக்கத்துல போய் உக்காந்துட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பேப்பர் எப்படி என்று கேட்டதற்கு மட்டும், "எழுதியிருக்கேன்" என்றாள்.

ஏப்ரலில் அதிரா தீவிலேயே ஒரு கல்லூரியில் பொறியியலுக்கான அடித்தளப் படிப்பில் சேர்ந்தாள். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, கடைசியாகப் படித்த பள்ளி என்ற இடத்தில் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. அதில் பதினொன்றாம் மாடி இல்லை. 'மற்றவை' என்பதைத் தட்டினாள். அலுவலகத்தில் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள், புறப்பாட நடவடிக்கை கேட்டார்கள். மழை வந்தபோதெல்லாம் துணி எடுத்ததைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

கல்லூரியில் அவளுக்கு ஏற்பட்ட பெரிய அதிர்ச்சி, அவளுக்கு அது பிடித்துப்போனதுதான். வேறு யாரோ தயாரித்த கால அட்டவணை, ஒரே நிறத்தில், கையில் கொடுத்தார்கள். முதல் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நிஜப் பியூரெட்டைப் பார்த்தபோது, போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையை நேரில் பார்த்ததுபோல் கூச்சமாக இருந்தது. எந்தப் பக்கமிருந்து அளவைப் படிப்பது என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் செருப்பில் பாதி அமிலம் போனது. நீர்த்த அமிலம்தான். அந்தப் பெண்தான் இன்று அவளுடைய நெருங்கிய தோழி. வகுப்பில் 'ஏன்' என்று அடிக்கடி கேட்பதால் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்தது. அந்தக் கேள்வி யாருடையது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, பெயரை வாங்கிக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் எஸ்.பி.எம். முடிவு வந்தது. பிரமிளா தன் அடையாள அட்டை எண்ணையும் தேர்வு எண்ணையும் மகளிடமே கொடுத்து, "நீயே பாரு, எனக்குக் கை வராது" என்று சொல்லியிருந்தாள். காலை பத்து மணிக்கு மேல், இரண்டு வகுப்புக்கு நடுவே, கல்லூரிக் கேண்டீனில் உட்கார்ந்து அதிரா அந்த எண்களைத் தேர்வு வாரியத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினாள். பதில் வந்தது. கிளினிக்குக்குக் கூப்பிட்டாள்.

"பேஷன்ட் நிக்கறாங்க" என்றாள் பிரமிளா.

"சி பிளஸ்மா."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். மாத்திரை டப்பா ஒன்று மேசையில் உருளும் சத்தம்.

"அது கிரெடிட்டா? வெறும் பாஸ் இல்லையே?"

"கிரெடிட்தான்மா."

"தப்பா பாத்திருக்கப் போற. நம்பர் சரியாப் போட்டியா?"

"ரெண்டு வாட்டி போட்டேன்."

பிறகு அம்மா வேறு யாரிடமோ, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று சொல்வது கேட்டது. "ராத்திரி ஒண்ணு" என்று அவருக்கே இன்னொரு முறை சொன்னாள். பிறகு போனில், "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதிரா வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனாள். அந்தப் பருவத்தில் அவள் தாமதமாகப் போன ஒரே நாள் அதுதான். விரிவுரையாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் தாமதம் என்று கேட்டார்.

"அம்மா எஸ்.பி.எம். மேட்ஸ் பாஸ் பண்ணிட்டாங்க, சார்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அடுத்த முறை இதைவிட நல்ல காரணமாகக் கண்டுபிடிக்கும்படி சொல்லி உட்காரச் சொன்னார். அதிரா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். உண்மைதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.